பேசியவர் ஒருவர், எழுதியவர் ஒருவர்

வட ஆப்பிரிக்காவின் ஓர் ஆலயத்தில் ஒருநாள் ஆயர் அகுஸ்தீன் சிறிய சங்கீதம் ஒன்றைத் தேர்ந்து, அதற்கேற்பப் பிரசங்கத்தை மனத்தில் அமைத்துக்கொண்டு வந்திருந்தார். எதைப் பாட வேண்டும் என்று வாசகரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். எழுந்து நின்ற வாசகரோ பதற்றத்தில் வேறொன்றைப் பாடிவிட்டார். அது சிறியதும் அல்ல. நம் வேதாகமத்தில் 139ஆம் எண்ணைப் பெற்றிருக்கும் நீண்ட சங்கீதம். அகுஸ்தீன் அவரை நிறுத்தித் திருத்தவில்லை. தம்முடைய விருப்பத்தின்படி நடப்பதைவிட, வாசகரின் பிழையில் தெரிந்த இறைவனின் விருப்பத்தின்படி நடப்பதே மேல் என்று சபையாரிடம் சொல்லிவிட்டு, ஆயத்தமே செய்திராத அந்தச் சங்கீதத்தின் மீது பேசத் தொடங்கினார்.

பேச்சு 15ஆம் வசனத்துக்கு வந்தபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. "என் எலும்புகள் உமக்கு மறைவாயிருக்கவில்லை" என்று நாம் வாசிக்கும் இடத்தில் லத்தீன் பாடம் எலும்புக்கு வைத்திருந்த சொல் 'ஒஸ்'. அதையே நெடிலாக 'ஓஸ்' என்று ஒலித்தால் வாய் என்று பொருள். ஆப்பிரிக்க லத்தீன் பேசிய மக்களின் செவிக்குக் குறிலும் நெடிலும் ஒன்றாகவே கேட்டன. ஆகவே அகுஸ்தீன், இலக்கணம் அறிந்தவர்கள் முகம் சுளிக்கும் 'ஒஸ்ஸும்' என்ற பேச்சு வழக்கையே எடுத்துக்கொண்டார்; மக்களுக்குப் புரியாமல் போவதைவிட இலக்கண ஆசிரியர்கள் நம்மைக் கண்டிப்பது மேல் என்று அப்போதே சொல்லவும் செய்தார். இளமையில் இலக்கணமும் சொற்கலையும் கற்பித்துச் சம்பாதித்த மனிதர் சொன்னது அது.

ஆயத்தம் இல்லாமல் பேசிய பேச்சுக்குக் கையெழுத்துப் பிரதி இருந்திருக்க முடியாது. வாசகரின் தடுமாற்றமும், குறில் நெடில் விளக்கமும், அந்த ஒரு வாக்கியமும் 1600 ஆண்டுகளைக் கடந்து நம்மிடம் வந்திருப்பதற்குக் காரணம், கூட்டத்தில் ஒருவர் மெழுகுப் பலகையோடு அமர்ந்து, சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டிருந்ததுதான். அந்த மனிதரின் பெயர் நமக்குத் தெரியாது.

பழைய பிரசங்கங்களைப் படிப்பது என் நெடுநாள் பழக்கம். தொடக்கத்தில் நானும் எல்லோரையும் போலப் பெயர்களைத் தேடித்தான் படித்தேன்: கிறிசோஸ்தோம், அகுஸ்தீன், பெர்னார்ட், லூதர், கால்வின், ஸ்பர்ஜன். இப்போதோ ஒரு தொகுப்பைத் திறந்தவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, இதை எழுதியது யார் என்பதுதான். இளவயதில் ஆலயத்தில் அமர்ந்து நான் எழுதிய குறிப்பேடுகள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் மூன்று தலைப்புகள், நான்கைந்து வசன எண்கள், ஓர் அடிக்கோடு, அவ்வளவே. அன்று என்னை அசைத்தது எதுவோ அது மட்டும் அந்தப் பக்கங்களில் இல்லை. திருச்சபை வரலாற்றின் பெரிய பிரசங்கியார்கள் என்று நாம் வரிசைப்படுத்துகிறவர்களில் மிகப் பலர், என்னைவிட நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரை எதிரே பெற்றிருந்தவர்கள் என்பது என் எண்ணம்.

முதலில் ஓரிகன். மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில் அலெக்சாந்திரியாவிலும் பிறகு செசரியாவிலும் கற்பித்த அவருக்கு அம்புரோசு என்ற செல்வர் ஒருவர் புரவலராக இருந்தார். ஓரிகன் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஏழுக்கும் மேற்பட்ட சுருக்கெழுத்தர்களை அவர் அமர்த்தினார் என்றும், அவர்கள் முறை வைத்து மாறி மாறி எழுதினார்கள் என்றும், படியெடுக்க அதே அளவு ஆட்களும் அழகாக எழுதப் பயின்ற பெண்களும் இருந்தார்கள் என்றும் யூசேபியஸ் தம் திருச்சபை வரலாற்றில் எழுதுகிறார். ஆனால் இந்த ஏற்பாடு விளக்கவுரை நூல்களுக்கு மட்டுமே. ஆலயத்தில் பேசுவதை எழுத ஓரிகன் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. அறுபது வயதைக் கடந்த பிறகே இசைந்தார். அந்த இசைவு வந்து சில ஆண்டுகளில் டேசியஸ் பேரரசனின் துன்புறுத்தலில் அவர் சிறையில் வதைபட்டார். அதன்பின் நெடுநாள் வாழவில்லை. 553இல் கான்ஸ்டான்டிநோபிளில் அவர் பெயர் கண்டனத்துக்கு உள்ளான பிறகு, அவருடைய கிரேக்க மூலங்களைப் படியெடுக்க யாரும் முன்வராததால் பெரும்பாலானவை அழிந்தன. பிரசங்கங்களில் பலவும் ருஃபீனும் ஜெரோமும் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பிலேயே பிழைத்தன. 2012இல் மியூனிக் நகரின் பவேரிய அரசு நூலகத்தில், ஆசிரியர் பெயர் இல்லாத ஒரு கிரேக்கக் கையெழுத்துப் பிரதியைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்த மரீனா மோலின் பிரடேல், அதிலிருந்த சில பகுதிகள் ருஃபீனின் லத்தீனோடு ஒத்துப்போவதைக் கவனித்தார். சங்கீதங்களின் மீது ஓரிகன் ஆற்றிய 29 பிரசங்கங்கள் அந்தப் பிரதியில் இருந்தன.

கிறிசோஸ்தோமுக்கு வந்தால் எனக்குச் சற்று நிதானமாக நிற்கத் தோன்றும். 'பொன்வாய்' என்று பொருள்படும் அந்தப் பட்டப்பெயரைக் கேட்டதும், செதுக்கிய தங்கச் சிலை போன்ற ஓர் உரைநடையை எதிர்பார்த்துத்தான் போவோம். ஆனால் அவருடைய அப்போஸ்தலர் நடபடிகள் பிரசங்கங்களைப் படித்த பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் எராஸ்மஸ், குடித்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டே எழுதினாலும் தாம் இதைவிட நன்றாக எழுதியிருப்பேன் என்று சலித்துக்கொண்டார். இது கிறிசோஸ்தோமுடையதுதானா என்றே ஐயப்பட்டார். ஐயத்துக்குக் காரணம் எளியது. கான்ஸ்டான்டிநோபிளில் ஏறக்குறைய 400ஆம் ஆண்டில் பேசப்பட்ட அந்தப் பிரசங்கங்கள், சுருக்கெழுத்தரின் பலகையிலிருந்து வந்த நிலையிலேயே, யாரும் மெருகேற்றாமல் நம் கைக்கு வந்திருக்கின்றன. வாக்கியம் பாதியில் நிற்கிறது. ஒரு கருத்து இரண்டு முறை தொடங்குகிறது. யாருக்கு விடை சொல்கிறார் என்பது தெரியாமல் ஒரு விடை வந்து நிற்கிறது. எராஸ்மஸுக்கு எரிச்சல் மூட்டிய அந்தக் கரடுமுரடுதான் எனக்கு விருப்பமானது.

ஏனென்றால் அதே தொகுப்பின் 30ஆம் பிரசங்கத்தில் ஒரு காட்சி இருக்கிறது. அக்காலத்தில் ஆலயத்தில் கைதட்டுவது இயல்பு. அது தமக்கு அந்த நேரத்தில் மகிழ்ச்சி தருவதைக் கிறிசோஸ்தோம் மறைக்கவில்லை, மனிதன்தானே என்கிறார். வீட்டுக்குப் போன பிறகோ, கைதட்டியவர்கள் எந்தப் பயனும் அடையவில்லை, பயனெல்லாம் அந்த ஆரவாரத்திலேயே கரைந்துபோயிற்று என்று எண்ணி வருந்துவதாகச் சொல்கிறார். ஆகவே இனிமேல் ஆலயத்தில் யாரும் கைதட்டக் கூடாது என்று ஒரு விதி செய்துகொள்வோம் என்கிறார். உடனே கூட்டம் அதற்கும் கைதட்டிவிடுகிறது. இதைத்தானே நிறுத்தச் சொல்கிறேன், அதைக் கேட்கிற பொறுமைகூட உங்களுக்கு இல்லையா என்று அவர் கடிந்துகொள்வது அப்படியே பதிவாகியிருக்கிறது. கைதட்டல் ஒலியை எழுதுகோலால் பிடிக்க முடியாது. அதற்கு அவர் கொடுத்த மறுமொழியைப் பிடித்ததன் வழியாக அந்த ஒலியையும் சுருக்கெழுத்தர் நமக்குக் கேட்கச் செய்துவிட்டார். அந்தியோகியாவில் பேசிய ஆதியாகமப் பிரசங்கம் ஒன்றிலும் இப்படி ஓர் இடம் உண்டு. மாலை இருட்டத் தொடங்கியதும் பணியாள் விளக்கேற்ற வருகிறார்; எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்புகின்றன. நான் வேதத்தை விளக்கிக்கொண்டிருக்கிறேன், நீங்களோ என்னை விட்டுவிட்டு விளக்கேற்றுகிறவரைப் பார்க்கிறீர்களே, நானும்தான் ஒரு விளக்கை ஏற்றிக்கொண்டிருக்கிறேன் என்கிறார். நான்காம் நூற்றாண்டின் ஒரு மாலைப்பொழுது இவ்வளவு அருகில் வரும் இடம் அவருடைய இறையியல் நூல்களில் எனக்குக் கிடைத்ததில்லை.

இடைக்காலத்தில் பெரிய பெயர்களுக்குக் குறைவில்லை. ஆனால் குரல் மங்கிவிடுகிறது. கிளேர்வோவின் பெர்னார்ட் உன்னதப்பாட்டின் மீது 86 பிரசங்கங்கள் விட்டுச் சென்றார். மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தை எட்டும்போது 1153இல் அவரே போய்விட்டார். 26ஆம் பிரசங்கத்தில் விளக்கவுரையை நடுவில் நிறுத்தி, இறந்துபோன சகோதரர் ஜெரார்டுக்காக அழுகிறார். அது துறவிகள் முன்னால் அழுத அழுகையா, எழுத்தறையில் வடித்த அழுகையா என்று அறிஞர்கள் இன்னமும் வாதிடுகிறார்கள். கன்னியர் மடத்தலைவியான பிங்கனின் ஹில்டெகார்ட் கொலோன் நகரில் குருக்களின் முகத்துக்கு நேராக அவர்களைக் கடிந்து பேசினார். பிறகு அந்தக் குருக்களே, நீங்கள் பேசியதை எழுதியனுப்புங்கள் என்று அவருக்கு மடல் எழுதினார்கள். அக்குவினாவின் தாமஸ் 1273ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நேப்பிள்ஸ் மக்களுக்கு அவர்கள் பேச்சு மொழியிலேயே மறையுரை ஆற்றினார். உடனிருந்தவர்கள் அதை லத்தீனில் எழுதிக்கொண்டார்கள். அந்த மறையுரைகளின் தாய்மொழிச் சொல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஜெர்மானியத் துறவி எக்கார்ட்டின் கதை இன்னும் வேதனையானது. அவருடைய ஜெர்மன் பிரசங்கங்களைக் கேட்டவர்கள் எழுதிவைத்த பிரதிகள், அவர்மீதான சமயக் கொள்கை விசாரணையில் சான்றாக வந்தபோது, தாம் சொன்னதைக் கேட்டவர்கள் குறையாகவும் பிழையாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று 1326இல் கொலோனில் அவர் முறையிட்டார். அவர் இறந்த பிறகு, 1329இல், திருத்தந்தையின் ஆணை அவர் பெயரில் 28 கூற்றுகளைக் கண்டித்தது.

இவர்களுக்கெல்லாம் நடுவில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இறையியலாளரும் அல்ல, பிரசங்கியாரும் அல்ல. இத்தாலியின் சியேனா நகரில் துணியின் மேற்பஞ்சைக் கத்தரித்துச் சீராக்கும் தொழில் செய்த பெனெடெட்டோ என்பவர் அவர். 1427ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பெர்னார்தீனோ என்ற பிரான்சிஸ்கன் துறவி, நகரின் பெரிய சதுக்கத்தில் அதிகாலையில் மறையுரை ஆற்றினார். பெனெடெட்டோவுக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள், சொத்து அதிகம் இல்லை என்று அந்தப் பிரதியின் முன்னுரை சொல்கிறது. அவர் மெழுகுப் பலகையில் எழுத்தாணியால் குறித்துக்கொள்வார். மறையுரை முடிந்ததும் கடைக்குப் போய், அன்றைய வேலையைத் தொடங்கும் முன்பே அனைத்தையும் தாளில் படியெடுத்துவிடுவார். ஒரே காலையில் ஒவ்வொரு மறையுரையையும் இரண்டு முறை எழுதினார் என்று பொருள். இப்படி 45 மறையுரைகள். துறவியின் வாயிலிருந்து விழுந்த சின்னச் சொல்லைக்கூட விட்டுவிடவில்லை என்று முன்னுரை பெருமைப்படுகிறது. படித்தவர்கள் அந்தப் பெருமையை மறுக்க மாட்டார்கள். அதே பெர்னார்தீனோ தம் கைப்பட லத்தீனில் எழுதிவைத்த மறையுரைகளும் உள்ளன. அவற்றில் பிரிவுகளும் உட்பிரிவுகளும் மேற்கோள்களும் ஒழுங்காக நிற்கின்றன. சதுக்கத்தில் நின்று பெண்களை விளித்து, கதை சொல்லி, குரல் மாற்றி நடித்துக்காட்டிய மனிதர் அவற்றில் இல்லை. அறிஞர் தமக்காக எழுதியதைவிடத் துணித் தொழிலாளி அவருக்காக எழுதியது உயிரோடு இருக்கிறது.

சீர்திருத்தக் காலத்தில் அச்சகம் வந்துவிட்டபோதும் இந்த மனிதர்களின் தேவை குறையவில்லை. மார்ட்டின் லூதருடைய பிரசங்கங்களாக இன்று நம் கையில் இருப்பவற்றில் பெரும்பகுதி கேயார்க் ரோரர் என்பவரின் உழைப்பு. லூதர் ஜெர்மனில் பேசுவார்; ரோரர் லத்தீனும் ஜெர்மனும் கலந்து எழுதுவார். லத்தீனில் பழகிப்போன சுருக்கக் குறிகள் நிறைய இருந்ததால் வேகத்துக்கு அது உதவிற்று. ஆகவே குறிப்பேட்டில் ஒரு வாக்கியம் லத்தீனில் தொடங்கும். லூதரின் ஜெர்மன் சொல் ஒன்று ரோரருக்கு நெஞ்சில் தைத்த இடத்தில் மட்டும் அப்படியே ஜெர்மனில் நிற்கும். பேச்சில் எந்தச் சொல் ஓங்கி ஒலித்தது என்பதை அறிய இதைவிட நல்ல அடையாளம் இருக்குமா என்று நான் வியப்பதுண்டு.

ஜெனீவாவில் ஜான் கால்வின் குறிப்புத் தாளும் இல்லாமல், வேதாகமத்தை மட்டும் விரித்து வைத்துக்கொண்டு பேசுவார். 1538இல் நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அவர் 1541இல் திரும்பி வந்து பிரசங்க மேடை ஏறியபோது, இடைப்பட்ட மூன்று ஆண்டுகளைப் பற்றி ஒன்றும் பேசாமல், எந்த வசனத்தில் நிறுத்தியிருந்தாரோ அங்கிருந்தே தொடர்ந்தார். எதிரிகளைச் சாடுவார் என்று காத்திருந்த சபைக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். 1549இல் பிரெஞ்சு அகதிகள் டெனிஸ் ரகெனியே என்ற எழுத்தரைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள், தாம் இறக்கும்வரை, ரகெனியே தாமே வகுத்துக்கொண்ட சுருக்கெழுத்தில் எழுதி, பிறகு விரித்துப் படியெடுத்துத் தொகுதிகளாகக் கட்டினார். ஏழைகளுக்கும் அகதிகளுக்கும் உதவும் நிதிக்கு அச்சிட்ட பிரசங்கங்களின் வருவாய் போயிற்று. இவ்வளவும் நடந்த பிறகு, 1805இல், ஜெனீவா நூலகம் அந்தத் தொகுதிகளில் மிகப் பலவற்றைப் புத்தக வணிகர்களுக்கு எடைக்கு விற்றது. கால்வினின் கையெழுத்து இல்லை, படிக்கவும் கடினம், அப்படியானால் வைத்திருந்து என்ன பயன் என்று நினைத்திருக்கிறார்கள். சில தொகுதிகள் பிற்காலத்தில் மீண்டு வந்தன, பல வரவில்லை. எடை போட்டவர்களைவிட, கால்வினின் கை படாததற்கு மதிப்பில்லை என்று தீர்மானித்தவர்கள்மீதே என் கோபம்.

எழுதப்படுவது எப்போதும் நன்மை என்று சொல்லவும் முடியவில்லை. 1739இல் பிலடெல்பியாவில் ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜார்ஜ் வைட்ஃபீல்ட் திறந்தவெளியில் பேசியபோது, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஆற்றை நோக்கிப் பின்னாலேயே நடந்து, எவ்வளவு தூரம்வரை குரல் தெளிவாகக் கேட்கிறது என்று அளந்தார். அந்தத் தூரத்தை ஆரமாகக் கொண்ட அரைவட்டத்தில், ஆளுக்கு இரண்டு சதுர அடி வீதம் 30,000 பேருக்கு மேல் கேட்க முடியும் என்று கணக்கிட்டார். அதே ஃபிராங்க்ளின் தம் வாழ்க்கை வரலாற்றில், வைட்ஃபீல்ட் அச்சில் எதையும் வெளியிடாமல் இருந்திருந்தால் அவருக்கு இன்னும் பெரிய கூட்டம் நிலைத்திருக்கும் என்கிறார். பேச்சில் தவறி வந்த சொல்லைப் பிறகு விளக்கிவிடலாம்; அச்சில் ஏறிய சொல்லை எதிரிகள் பிடித்துக்கொள்கிறார்கள். வைட்ஃபீல்டும் இதைப் பட்டறிந்தவர்தான். 1769இல் அவருடைய பிரியாவிடைப் பிரசங்கத்தைச் சுருக்கெழுத்தில் எடுத்து யாரோ வெளியிட்டபோது, இலக்கணமும் பொருளும் சிதைந்த இந்தப் பேச்சு என்னுடையது அல்ல என்று எழுதினார். இன்று அவருடைய அச்சிட்ட பிரசங்கங்களைப் படிக்கிறவருக்கு, இதற்காகவா அத்தனை ஆயிரம் பேர் குளிரில் நின்றார்கள் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று.

ஸ்பர்ஜன் இந்தச் சிக்கலைத் தொழில் ஒழுங்கோடு தீர்த்துக்கொண்டவர். லண்டனில் ஞாயிறு காலை ஒரு சிறு தாளில் எழுதிய குறிப்போடு மேடை ஏறுவார். எழுத்தர் எடுத்த பிரதி திங்கட்கிழமை மேசைக்கு வரும். அதை அவரே திருத்துவார். வியாழக்கிழமை ஒரு பென்னி விலையில் கடைக்கு வந்துவிடும். 1855இல் தொடங்கிய அந்த வார வெளியீடு 1892இல் அவர் இறந்த பிறகும், மிஞ்சியிருந்த பிரதிகளைக் கொண்டு 1917வரை தொடர்ந்து, 63 தொகுதிகளாக நிற்கிறது. படிக்க இதமானவை. திங்கட்கிழமைத் திருத்தம் ஞாயிற்றுக்கிழமையின் மூச்சிரைப்பைக் கொஞ்சம் துடைத்துவிட்டது என்ற குறை மட்டும் எனக்கு உண்டு.

எழுத ஆள் இல்லாதவர்களுக்கு என்ன ஆயிற்று? ஹாரி ஹோசியர் என்ற கறுப்பினப் பிரசங்கியார் 1780களில் மெத்தடிஸ்டு ஆயர் பிரான்சிஸ் ஆஸ்பரியோடு அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் குதிரையில் சுற்றினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒருமுறை ஆலயத்துக்குள் இடமில்லாமல் வெளியே நின்று கேட்டவர்கள், ஆயர் எவ்வளவு அருமையாகப் பேசுகிறார் என்று புகழ்ந்ததாகவும், பேசியது ஆயரல்ல, ஹோசியர் என்று பிறகு தெரிந்துகொண்டதாகவும் ஒரு கதை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த தாமஸ் கோக், 1784இல் அவரோடு பயணம் செய்தபோது, உலகின் மிகச் சிறந்த பிரசங்கியார்களில் ஒருவர் இவர் என்று நம்புவதாக நாட்குறிப்பில் எழுதினார். 1781இல் வர்ஜீனியாவில் ஹோசியர் கனி கொடாத அத்திமரத்தைப் பற்றிப் பேசினார் என்பது தெரியும். என்ன பேசினார் என்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. ஜரீனா லீ என்ற கறுப்பினப் பெண், கறுப்பின மெத்தடிஸ்டு சபையின் தலைவர் ரிச்சர்ட் ஆலனிடம் பிரசங்கிக்க அனுமதி கேட்டு முதலில் மறுக்கப்பட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் அதைப் பெற்றவர். ஓர் ஆண்டில் 2325 மைல் பயணம் செய்து 178 பிரசங்கங்கள் ஆற்றியதாகத் தம் வரலாற்றில் கணக்கு வைத்திருக்கிறார். கணக்கு இருக்கிறது; அந்த 178 பேச்சுகள் இல்லை. பெரிய பிரசங்கியார்களின் பட்டியல்களில் இவ்விருவரையும் காண்பது அரிது. அதற்கான காரணத்தைப் பட்டியல் எழுதுகிறவர்கள் யோசித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

ஹோசியர் 1806இல் இறந்தார். ஒலிப்பதிவு வர இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அது பிரசங்க மேடையை எட்ட அதனினும் நெடுங்காலம் பிடித்தது. 1953இல் டெட்ராய்ட்டின் நியூ பெத்தேல் பாப்டிஸ்டு ஆலயத்தில் கறுப்பினப் பிரசங்கியார் சி. எல். ஃபிராங்க்ளின், கழுகு தன் கூட்டைக் கலைப்பதைப் பற்றி, உபாகமம் 32ஆம் அதிகாரத்திலிருந்து பேசியதை இசைத்தட்டாகவே கேட்கலாம். சாதாரணமாகப் பேசத் தொடங்குகிறவர், நேரம் செல்லச் செல்லக் குரல் ஏறி, பேச்சு பாட்டாக மாறுகிறது. சபையார் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு வரிக்கும் மறுமொழி சொல்கிறார்கள், கூவுகிறார்கள், கைதட்டுகிறார்கள். சில இடங்களில் அந்தச் சத்தத்தில் அவருடைய சொற்களே மூழ்கிப்போகின்றன. அவர் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை.